ட்வீட்டர் போச்சு, பாய்!

காலண்டர் அட்டையைச் சுருட்டி ஒட்டிய ஒரு குழாயைத்தான் பாய் முதலில் கையில் எடுத்தார். ஒரு முனை காதில், மறு முனை ஸ்பீக்கர் பெட்டியில் மேல்ஸ்தாயி பாடும் சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டருக்கு ஒரு விரற்கடை முன்னால். பெட்டி முழுதும் பாடிக்கொண்டிருக்கும்போது அதில் ட்வீட்டரும் பாடுகிறதா என்று வெறும் காதால் சொல்வது கடினம். ஊஃபரும் மிட்ரேஞ்சும் போடுகிற சத்தத்தில் எல்லாம் சரியாக இருப்பதாகவே தோன்றும். குழாய் அந்த ஒரு புள்ளியின் ஒலியை மட்டும் பிரித்துத் தருகிறது. இடது பெட்டியில் வைத்துக் கேட்டார், தலையாட்டினார். வலது பெட்டிக்கு மாறியவர் வைத்த வேகத்தில் குழாயை எடுத்துவிட்டார்.

"மூச்சே இல்ல சார்."

சென்னை ரிச்சி தெருவின் கிளைச் சந்து ஒன்றில், மாடிப்படிக்கு அடியில் ஒடுங்கியிருக்கிறது அந்தக் கடை. தெருவின் முகப்பை லேப்டாப்பும் சிசிடிவி கேமராவும் பிடித்துக்கொண்டாயிற்று. ஸ்பீக்கர் பழுது பார்க்கிறவர்கள் உள்ளே தள்ளிப்போய்விட்டார்கள். கடைக்காரருக்கு அறுபதைத் தாண்டிய வயது. அக்கம்பக்கம் எல்லோருக்கும் அவர் 'பாய்'தான், எனக்கும் அப்படியே. வீட்டு ஸ்டீரியோவில் மற்ற பாகங்கள் வருஷக்கணக்கில் உழைக்க, ட்வீட்டர் மட்டும் ஏன் முந்திக்கொண்டு போகிறது, போனதை எப்படிப் பிடிக்கிறார்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வந்திருந்தேன்.

மேசை மேலிருந்த ஜோடிப் பெட்டிகள் திருவான்மியூரிலிருந்து ஆட்டோவில் வந்தவை. சொந்தக்காரர் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தொண்ணூறுகளில் ஆசை ஆசையாக வாங்கிய மூன்று வழிப் பெட்டிகள்: கீழ்ஸ்தாயிக்கு எட்டு அங்குல ஊஃபர், நடுவில் இடைஸ்தாயிக்கு ஒரு மிட்ரேஞ்ச், மேலே குவிந்த ஓர் அங்குல டோம் ட்வீட்டர். வலது பக்க ட்வீட்டர் முன்பே ஒரு முறை போய், அவர் வீட்டுப் பக்கத்து மெக்கானிக் வேறொன்று மாற்றிக் கொடுத்திருக்கிறார். மாற்றியதும் போய்விட்டது. கச்சேரி ஒலிப்பதிவு கேட்கும்போது கஞ்சிராவின் சிலம்பல் இடது பக்கம் மட்டும் கேட்கிறது, பாடகரின் 'ஸ', 'ஷ' எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்கிறது என்றார். ட்வீட்டர் போனால் முதலில் தெரிவது இதுதான். குரல் போகாது, தாளமும் போகாது. ஓரங்கள் மழுங்கிவிடும், பாட்டு போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல இருக்கும்.

"புதுசு ஒண்ணு போட்டுக் குடுத்துடுங்க பாய், சாயந்தரத்துக்குள்ள எடுத்துட்டுப் போயிடறேன்."

"போடறதுக்குப் பத்து நிமிஷம் சார். போடற மூணாவதும் செத்தா என்னைத்தான் திட்டுவீங்க. ரெண்டு எப்படிச் செத்துச்சுன்னு மொதல்ல பாத்துடுவோம்."

அவர் தொழில் நடத்துகிற முறை இந்த ஒரு பதிலில் இருக்கிறது. ட்வீட்டர் தானாகச் சாவது அரிது, ஏதோ ஒன்று அதைக் கொல்கிறது என்பது அவர் கட்சி. பார்த்தவரையில் எனக்கும் அது சரியென்றே பட்டது.

ஸ்டீரியோவில் ஒரு வசதி உண்டு. ஒன்று கெட்டால் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொன்று அப்படியே இருக்கிறது. பாய் அதை விடாமல் பயன்படுத்துகிறார். கடை ஆம்ப்பை அணைத்துவிட்டு, பின்னால் இடது வயரை வலது முனையிலும் வலதை இடதிலும் மாற்றிச் செருகினார். திரும்ப இயக்கியபோதும் அதே பெட்டிதான் மழுங்கலாகப் பாடியது. ஆக, குற்றம் பெட்டிக்குள். மழுங்கல் பக்கம் மாறியிருந்தால் பெட்டியைத் திறக்கவே வேண்டாம், ஆம்ப் பக்கம் பார்க்கப் போயிருக்கலாம். இந்தச் சோதனைக்குக் கருவி எதுவும் வேண்டாம், வீட்டிலேயே செய்யலாம். ஆம்ப்பை அணைக்காமல் மட்டும் வயரைத் தொடக்கூடாது. இரண்டு முனையும் ஒரு கணம் உரசினால் போதும், ட்வீட்டரோடு ஆம்ப்பையும் தூக்கிக்கொண்டு வரவேண்டியிருக்கும்.

சோதனைக்கு அவர் பாட்டு போடுவதில்லை. பழைய எஃப்எம் ரேடியோ ஒன்றை நிலையம் எதுவும் பிடிக்காத இடத்தில் நிறுத்தி, அந்த இரைச்சலை ஆம்ப்புக்குக் கொடுக்கிறார். பாட்டில் மேல்ஸ்தாயி வரும், போகும். இரைச்சலில் எல்லா அதிர்வெண்ணும் எப்போதும் இருக்கும். நல்ல ட்வீட்டர் 'ஸ்ஸ்ஸ்' என்று சீறும், செத்தது சும்மா இருக்கும். பாதி செத்ததும் உண்டு: சத்தம் குறைந்து, கரகரத்து வரும். உள்ளே இருக்கும் கம்பிச் சுருளான காயில், காந்தத்தில் உரசுகிறது, அல்லது உள்ளே ஏதோ தளர்ந்திருக்கிறது என்று பொருள்.

கடைசி ஸ்தாயிகளைக் கேட்க மட்டும் அவர் உதவிக்கு இருக்கிற பையனைக் கூப்பிடுகிறார். "என் காது பத்தாயிரத்தோட கதவைச் சாத்திடும் சார். இவனுக்குப் பதினாறாயிரம் வரைக்கும் கேக்குது." மனிதக் காது 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும் என்று புத்தகத்தில் இருப்பது இளவயதுக் கணக்கு. வயது ஏற ஏற மேல்முனை தேய்ந்துகொண்டே வரும். ட்வீட்டர் போய்விட்டது என்று வருகிற பெரியவர்களில் சிலருக்கு ட்வீட்டர் நன்றாகவே இருக்கும் என்று பையன் காதோரம் சொன்னான். அதை அவர்களிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் கடையின் கஷ்டமாம்.

திருப்புளியை எடுக்கப் போன நேரத்தில் ஒரு கல்லூரிப் பெண் வாசலில் வந்து நின்றாள். அப்பாவின் டவர் ஸ்பீக்கர். வீடு மாற்றியதிலிருந்து இரண்டு ட்வீட்டரும் வேலை செய்யவில்லை, என்ன செலவாகும் என்று கேட்டாள். பெட்டியைக் கொண்டுவரவில்லை, கைப்பேசியில் படம் மட்டும். பாய் பின்பக்கப் படத்தைக் காட்டச் சொன்னார். நான்கு முனைகள், இரண்டு மேலே, இரண்டு கீழே. நடுவில் ஒன்றுமில்லை.

"இங்க ரெண்டு பித்தளைப் பட்டை இருந்திருக்கும்மா. மேல கீழ ரெண்டையும் சேக்கறது. சாமான் கட்டறப்ப யாரோ கழட்டி வெச்சிருக்காங்க. வயரைக் கீழ் முனையில மாட்டினீங்கன்னா ஊஃபர் மட்டும்தான் பாடும்."

பட்டை கிடைக்காவிட்டால் ஒரு சாண் வயரை வெட்டிச் சிவப்போடு சிவப்பு, கறுப்போடு கறுப்பு சேர்த்தால் போதும் என்று சொல்லி அனுப்பினார். காசு வாங்கவில்லை. இரண்டு ட்வீட்டரும் ஒரே நாளில், ஒரே மாதிரி போவது சந்தேகப்பட வேண்டிய விஷயம் என்றார் பிறகு. பாதி நேரம் அங்கே ட்வீட்டர் பேரில் குற்றமே இருக்காதாம்.

திருவான்மியூர்க்காரரின் வலது பெட்டி திறந்தது. நான்கு திருகுகளையும் கழற்றி ட்வீட்டரை வெளியே இழுத்ததும், எதையும் தொடுவதற்கு முன் பையன் ஒரு படம் எடுத்துக்கொண்டான். எந்த வயர் எந்த முனையில் இருந்தது என்பதற்கு. முனையில் சிவப்புப் பொட்டு வைத்தது பிளஸ். ஆனால் சில பெட்டிகளில் தயாரித்தவர்களே ட்வீட்டரை வேண்டுமென்றே தலைகீழாக மாட்டியிருப்பார்கள். இரண்டு ஸ்பீக்கரின் ஒலியும் சந்திக்கிற இடத்தில் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளாமல் இருக்க அப்படிச் செய்வது வழக்கம். 'சரி பண்ணுகிறேன்' என்று நாம் அதை நேராக்கினால் நடுவில் ஒரு பள்ளம் விழும். படம் எடுக்காமல் கழற்றுகிறவர்கள் மேல் பாய்க்குத் தீராத கோபம்.

ஒரு வயரை விடுவித்துவிட்டு மல்டிமீட்டரை 200 ஓம் இடத்தில் வைத்தார். முனைகள் இரண்டையும் தொட்டுக் காட்டினார்: 0.3. அது மீட்டர் வயரின் சொந்தத் தடை, கழித்துக்கொள்ள வேண்டும். இடது பெட்டியின் ட்வீட்டர் 5.9 காட்டியது. பெட்டியில் 8 ஓம் என்று அச்சிட்டிருந்தால் மீட்டரில் அதே எட்டு வராது. ஐந்தரையிலிருந்து ஏழுக்குள் எதுவந்தாலும் நல்லதுதான். 4 ஓம் என்றால் மூன்று, மூன்றரை வரும். வலது ட்வீட்டரில் வைத்தார். திரையில் இடது ஓரத்தில் ஒற்றை '1' நின்றது. ஓபன். மின்சாரம் போக வழியே இல்லை.

'ஓபன்' என்றால் செத்தது என்று முடிவு கட்டக்கூடாத ஒரு ரகமும் உண்டு. மலிவான பெட்டிகளில் வரும் பியெசோ ட்வீட்டர். அதில் காயில் கிடையாது, மின்னழுத்தத்தில் நெளிகிற ஒரு பீங்கான் வில்லை மட்டுமே. நல்ல பியெசோவும் மீட்டரில் ஓபன் என்றுதான் காட்டும். அதை நம்பிப் பிடுங்கி எறிந்தவர்கள் ஏராளம்.

இவருடையது காயில் வைத்தது. பாய் முகப்பைக் கழற்றி டோமை மெதுவாகத் தூக்கினார். டோமின் அடியில் அரை அங்குலம்கூட உயரமில்லாத ஒரு வளையம், அதைச் சுற்றி முடிபோன்ற செப்புக் கம்பி. கம்பி இருக்க வேண்டிய நிறத்தில் இல்லை. மேல்பூச்சு கருகி, ஒரு சுற்று அறுந்து நீட்டிக்கொண்டிருந்தது. மூக்கருகே கொண்டுவந்து காட்டினார். மோட்டார் எரிந்தால் வருமே, அந்த வாடை.

டோமும் காயிலும் சேர்ந்து அரை கிராம்கூட இராது. வினாடிக்குப் பத்தாயிரம் தடவை முன்னும் பின்னும் அசைய வேண்டியது அவ்வளவு லேசாகத்தான் இருக்க முடியும். லேசாக இருப்பதால்தான் சூட்டைத் தாங்கச் சதை இல்லை. ஸ்பீக்கருக்குள் போகிற மின்சாரத்தில் ஒலியாக மாறுவது சுமார் ஒரு சதவீதம், மீதி அத்தனையும் சூடு. ஊஃபரின் காயில் பெரிது, காற்றோட்டமும் இருக்கிறது. ட்வீட்டர் காயில் காந்தத்தின் குறுகிய இடுக்குக்குள் அடைந்து கிடக்க வேண்டியதுதான். பெட்டி மேல் 100 வாட் என்று போட்டிருக்கிறதே என்றால், அது மொத்தப் பெட்டிக்கு. இசையின் பலத்தில் பெரும்பங்கு கீழ் ஸ்தாயிகளில் இருக்கும், ட்வீட்டர் பக்கம் சிறு பங்கே வரும் என்று நம்பி எழுதிய கணக்கு. ஓர் அங்குல ட்வீட்டரால் விடாமல் தாங்க முடிவது என்னவோ சில வாட்கள்தான்.

இந்த டோம் வடிவம் வீட்டுப் பெட்டிக்கு வந்தது அமெரிக்காவில், எட்கர் வில்ச்சூர் அக்கூஸ்டிக் ரிசர்ச் நிறுவனத்தில் 1958 வாக்கில் வெளியிட்ட ஏஆர்-3 பெட்டியோடு. அதற்கு முன் காகிதக் கோன்களே பெரும்பாலும் மேல்ஸ்தாயியைச் சமாளித்தன. சூட்டுப் பிரச்சினைக்கு ஒரு பாதி மருந்து வேறிடத்திலிருந்து வந்தது. எடையற்ற விண்வெளியில் எரிபொருளைக் காந்தத்தால் இழுக்க முடியுமா என்று நாசாவின் ஸ்டீவ் பாப்பெல் 1963-ல் உருவாக்கிய ஃபெர்ரோஃப்ளூயிட் என்கிற கருப்புத் திரவம் எழுபதுகளில் ஸ்பீக்கருக்குள் நுழைந்தது. காயிலுக்கும் காந்தத்துக்கும் நடுவே அதை விட்டால் காந்தமே பிடித்துவைத்துக்கொள்ளும், வழியாது. சூட்டைக் காந்தத்துக்குக் கடத்திவிடும். இருபது, முப்பது வருஷத்தில் அது சில ட்வீட்டர்களில் கெட்டியாகிப் பிசின்போல ஆகிவிடுவதும் உண்டு. அப்போது மீட்டர் நல்ல எண் காட்டும், சத்தம் மட்டும் அமுங்கி வரும். இந்த வகையைக் காதால்தான் பிடிக்க முடியும்.

"சரி, மொதல்ல இருந்ததை என்ன பண்ணீங்க?" என்றார் பாய்.

திருவான்மியூர்ப் பெரியவர் கைப்பையைத் திறந்து பால் கவரில் சுற்றிய ஒன்றை எடுத்து வைத்தார். மாதிரி காட்டி வாங்கலாமென்று எடுத்து வந்தாராம். பாயின் முகம் மாறியதை நான் பார்த்தேன். ஆனால் அந்தப் பொட்டலத்தை அவர் அப்போது தொடவில்லை. கையைப் பெட்டிக்குள் விட்டு, பின்பலகையில் திருகியிருந்த கிராஸ்ஓவரை வெளியே எடுத்தார்.

மூன்று ஸ்பீக்கருக்கும் சத்தத்தைப் பிரித்துக் கொடுக்கிற பலகை அது. ஊஃபருக்குச் செல்லும் வழியில் செப்புச் சுருள், ட்வீட்டருக்குச் செல்லும் வழியில் ஒரு கெபாசிட்டர், அதோடு வெள்ளைச் செங்கல்போல ஒரு சிமெண்ட் ரெசிஸ்டர். கெபாசிட்டர் கீழ் ஸ்தாயிகளைத் தடுத்து மேல் ஸ்தாயிகளை மட்டும் விடும். எந்த இடத்திலிருந்து விடும் என்பது அதன் அளவைப் பொறுத்தது. இடது பெட்டியின் பலகையையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தார். இடதில் 3.3 மைக்ரோஃபாராட். வலதில் அதே இடத்தில், பளபளப்பான வேறு ஈயத்தில், 10 மைக்ரோஃபாராட்.

பாய் கால்குலேட்டரைக்கூட எடுக்கவில்லை. நான் பிறகு போட்டுப் பார்த்த கணக்கு இது: 8 ஓம் ட்வீட்டருக்கு 3.3 என்றால் சுமார் 6,000 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதெல்லாம் படிப்படியாகக் குறையும். 10 என்றால் அந்த எல்லை 2,000 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். அதற்குக் கீழேயும் சுவர் மாதிரி நின்றுவிடாது. ஒற்றைக் கெபாசிட்டரில் ஒரு ஸ்தாயிக்கு 6 டெசிபல் வீதம்தான் சரியும். மிட்ரேஞ்ச் சுமக்க வேண்டிய பாரத்தில் பெரும்பகுதியை அரை கிராம் டோமின் தலையில் ஏற்றியாயிற்று. குரல், வயலின், நாதசுரம் எல்லாவற்றின் கனமும் அங்கே இறங்கியிருக்கும்.

எதற்காக ஒருவர் இப்படி மாற்றுவார்? பாய்க்குக் கதை தெரிந்திருந்தது, அல்லது அந்தமாதிரிக் கதைகள் நிறையத் தெரியும். முதல் ட்வீட்டர் போனதும் மெக்கானிக் கையில் கிடைத்த வேறொரு ட்வீட்டரைப் போட்டிருக்கிறார். அளவு பொருந்தியிருக்கிறது, ஓமும் பொருந்தியிருக்கிறது. ஆனால் அதன் உணர்திறன் குறைவு. அதே மின்சாரத்துக்குச் சத்தம் கம்மி. இடது பக்கத்தோடு சேர்த்துக் கேட்டால் வலது மந்தமாகத் தெரிந்திருக்கும். 'சத்தம் ஏறட்டும்' என்று கெபாசிட்டரைப் பெரிதாக்கியிருக்கிறார். சத்தம் ஏறியிருக்கும், அதில் சந்தேகமில்லை. வாடிக்கையாளர் சந்தோஷமாகப் போயிருப்பார். அப்புறம் ஏதோ ஒரு மாலையில் கொஞ்சம் சத்தமாக வைத்ததும் எரிந்திருக்கிறது.

அந்த மெக்கானிக் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவரும் காதைத்தான் நம்பியிருக்கிறார். பழுது பார்க்கும் தொழிலில் இது அடிக்கடி நடக்கிறது: கேட்பவருக்கு உடனே திருப்தி தரும் வழியும், பொருள் நெடுநாள் உழைக்கும் வழியும் வேறு வேறாக இருக்கும்.

இப்போது பால் கவரைப் பிரித்தார். முதல் ட்வீட்டர். அதே மீட்டர், அதே '1'. "ரெண்டும் எரிஞ்சதுதானே?" என்றார் பெரியவர். பாய் பதில் சொல்லாமல் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு பூதக்கண்ணாடியைப் பிடித்தார். டோமின் ஓரத்திலிருந்து வரும் மெல்லிய கம்பி முகப்புத் தகட்டின் முனையில் ஈயத்தால் பற்றவைக்கப்பட்டிருந்தது. அந்த இடம் பச்சையாக இருந்தது. களிம்பு. திருவான்மியூரில் கடலிலிருந்து நாலைந்து தெரு தள்ளி வீடு. உப்புக் காற்று இரும்பை மட்டும் தின்பதில்லை.

பிளேடு முனையால், முனைக்கு ஒரு நூல் தள்ளி, கம்பியின் மேல்பூச்சை மயிரிழை அளவுக்குச் சுரண்டினார். இரண்டு பக்கமும். மீட்டர் முனைகளை அந்தச் சுரண்டிய இடங்களில் வைத்தார்.

6.1.

0.3-ஐக் கழித்தால் 5.8. காயிலுக்கு ஒன்றுமே ஆகவில்லை. ஈயத்தோடு சேரும் இடத்தில் கம்பி அரித்து அறுந்திருந்தது, அவ்வளவுதான். பழைய ஈயத்தை உருக்கி எடுத்து, முனையைச் சுரண்டிச் சுத்தம் செய்து, புது ஈயம் பூசி, கம்பியைத் தொட்டு எடுத்தார். பற்றவைக்கும் இரும்பு அங்கே இரண்டு வினாடிக்கு மேல் நிற்கவில்லை. நின்றால் முகப்பின் பிளாஸ்டிக் இளகி முனை சாய்ந்துவிடும் என்றான் பையன். டோமை ஒட்டியே கம்பி அறுந்திருந்தால் இந்த வைத்தியம் பலிக்காது, பிடித்து ஒட்ட இடமே இருக்காது.

முதலில் செத்ததாகச் சொல்லப்பட்ட ட்வீட்டர் சாகவே இல்லை என்ற செய்தி பெரியவருக்கு மகிழ்ச்சியாக இருந்ததா எரிச்சலாக இருந்ததா என்று சொல்ல முடியவில்லை. "அப்ப இத்தனை நாளா வீட்டு அலமாரில நல்லதை வெச்சுக்கிட்டு..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை.

ஒட்டியதை நேராக ஆம்ப்பில் மாட்டவில்லை பாய். மேசையில் தனியாக ஒரு ஜோடி வயர் தொங்குகிறது, ஒரு வயரின் நடுவே 4.7 மைக்ரோஃபாராட் கெபாசிட்டர் நிரந்தரமாகப் பற்றவைத்து டேப் சுற்றியிருக்கிறது. ட்வீட்டரைத் தனியாகச் சோதிக்க அந்த வயர்தான். கெபாசிட்டர் இல்லாமல் ஆம்ப்போடு சேர்த்தால் ஊஃபருக்குப் போக வேண்டியதும் அதற்குள் போகும், சோதனையே கொலையாகிவிடும். ஊஃபரை 1.5 வோல்ட் பேட்டரியால் தட்டிப் பார்க்கிற பழக்கம் இங்கே எல்லோருக்கும் உண்டு. ட்வீட்டரிடம் அதையும் செய்யவேண்டாம் என்கிறார் அவர், மீட்டர் இருக்கும்போது எதற்கு? குழாய் திரும்ப வந்தது. ஸ்ஸ்ஸ் என்றது ட்வீட்டர்.

இதற்கிடையே பெருங்குடியிலிருந்து ஒரு இளைஞர். தங்கை பிறந்தநாளுக்கு மொட்டை மாடியில் பாட்டு வைத்ததில் இரண்டு ட்வீட்டரும் காலி. இங்கே இரண்டும் உண்மையிலேயே காலி. மீட்டர் சொன்னது, வாடையும் சொன்னது. 80 வாட் பெட்டிக்கு 30 வாட் ஆம்ப்தான் வைத்திருந்தேன், எப்படி எரியும் என்பது அவர் கேள்வி. நியாயமான கேள்விதான், பதில்தான் எதிர்பார்க்காத பக்கத்திலிருந்து வரும். 30 வாட் ஆம்ப்பால் தர முடியாததைக் கேட்டால் அலையின் உச்சியும் அடியும் வெட்டுப்பட்டுத் தட்டையாகும். முழுக்கத் தட்டையான சதுர அலையில் அதே உயரமுள்ள சீரான அலையைவிட இரண்டு மடங்கு பலம் இருக்கும். வெட்டுப்பட்ட விளிம்புகளிலிருந்து மூலப் பாட்டில் இல்லாத மேல்ஸ்தாயிகளும் பிறக்கும். அவை நேராக ட்வீட்டருக்குப் போகும். எரிப்பது அந்தப் புது ஸ்தாயிகளா என்பதில் விவரம் தெரிந்தவர்களுக்குள்ளேயே வாதம் உண்டு. பேஸ் ஏற்கனவே உச்சத்தில் முட்டி நிற்க, குமிழைத் திருகத் திருக ட்ரெபிளின் அளவு மட்டும் ஏறிக்கொண்டே போகிறது, அந்த ஏற்றம்தான் எரிக்கிறது என்கிறது ஒரு தரப்பு. எப்படியானாலும் எரிவது ட்வீட்டர்.

"வால்யூம் பாதிதான்ணே வெச்சிருந்தோம்."

"பாதின்னு ஒண்ணு கிடையாது தம்பி. பேஸும் ட்ரெபிளும் எங்க இருந்துச்சு?"

இரண்டும் முழுசு. ட்ரெபிள் குமிழ் 10 டெசிபல் ஏற்றினால் அந்தப் பகுதிக்குப் பத்து மடங்கு வாட் போகும். குமிழ் பாதியில் நிற்கும்போதே ஆம்ப் தன் எல்லையைத் தொட்டிருக்கும். குமிழின் கோணத்துக்கும் வாட்டுக்கும் நேர்க் கணக்கு இல்லை. இளைஞர் கொண்டுவந்திருந்த ஆம்ப்பின் முகப்பில் ஆயிரக்கணக்கில் ஒரு வாட் எண், பக்கத்தில் 'பிஎம்பிஓ'. தொண்ணூறுகளின் டேப் ரெக்கார்டர்களிலிருந்து நம்மைத் துரத்தும் அந்த நான்கு எழுத்துக்கு எந்தத் தர நிர்ணயமும் இல்லை, விற்பவர் மனம்போல எழுதிக்கொள்ளலாம். அதை அச்சிடுவதைச் சட்டப்படித் தடுத்தால்கூட எனக்கு ஆட்சேபனை இல்லை.

இளைஞர் இன்னொன்றும் கேட்டார். நண்பர் வீட்டுப் பெட்டியில் அரை மணி நேரம் சத்தமாக வைத்தால் ட்ரெபிள் மறைந்துவிடுகிறதாம், அணைத்துவிட்டு வந்தால் திரும்பிவிடுகிறதாம். அது பழுதே இல்லை. ட்வீட்டர் வழியில் சூடானால் தடையை ஏற்றிக்கொள்கிற ஒரு சின்னப் பாதுகாப்பு வில்லையை வைத்திருக்கிறார்கள். அது 'போதும்' என்று சொல்கிறது. சில மெக்கானிக்குகள் அதை எடுத்துவிட்டு நேர் வயர் போட்டுவிடுவார்கள் என்று சொல்லி பாய் கையை உதறினார்.

பெரியவர் பெட்டிக்குத் திரும்பினார்கள். கெபாசிட்டர் ஒரு பக்கம் மட்டும் மாறவில்லை. இடது பெட்டியில் இருந்தது இருபத்தைந்து வருஷத்துப் பழைய எலக்ட்ரோலிடிக். அந்த வகை வயதாக வயதாக அளவு நகரும், உள்தடை ஏறும். ஒன்று புதிது, ஒன்று பழையது என்றால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி பாடாது. இரண்டுக்கும் 3.3 பாலியெஸ்டர், 250 வோல்ட் ரகம், எதிர்க்கடையிலிருந்து பையன் வாங்கிவந்தான். ஸ்பீக்கருக்குப் போவது முன்னும் பின்னும் மாறுகிற மின்சாரம் என்பதால் பிளஸ், மைனஸ் உள்ள சாதாரண எலக்ட்ரோலிடிக் ஒத்துவராது. கிடைக்காத காலத்தில் 6.8 இரண்டை மைனஸோடு மைனஸ் சேர்த்து 3.4 ஆக்கி ஓட்டினதுண்டு என்றார் பாய், கொஞ்சம் பெருமையோடு.

திருகுகள் ஏறின. இரைச்சல், குழாய், வயர் மாற்றிச் செருகல், எல்லாம் திரும்பவும் ஒரு சுற்று. பையன் கைப்பேசியில் அதிர்வெண்ணை ஏற்றிக்கொண்டே போய் 14,000-ல் இரண்டு பக்கமும் மாறி மாறிக் கேட்டான். வலது ஒரு பொட்டு கம்மி என்றான். களிம்பேறிய முனையா, உள்ளே கெட்டியாகத் தொடங்கிய திரவமா என்று பார்க்க வேண்டுமானால் டோமைத் தூக்க வேண்டும். அந்த வயதுள்ள ட்வீட்டரின் டோமைத் தூக்கித் திரும்ப நடுவில் உட்காரவைப்பதில் ஆபத்து அதிகம். பாய் பெரியவரைப் பார்த்தார். பெரியவர் ஒரு கச்சேரியைப் போடச் சொன்னார். கஞ்சிரா நடுவில் வந்து உட்கார்ந்தது. "போதும் பாய், திறக்க வேணாம்."

எரிந்த ட்வீட்டரையும் 10 மைக்ரோஃபாராட் கெபாசிட்டரையும் ஒரு காகிதத்தில் மடித்துக் கொடுத்தார் பாய், அந்தப் பக்கத்து மெக்கானிக்கிடம் காட்டும்படி. பெரியவர் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு, வங்கிக்காரர் அல்லவா, கேட்க வேண்டியதைக் கேட்டார்.

"ஆறு மாசம் வாரண்டி குடுப்பீங்களா?"

"உங்க ஆம்ப்பை நான் இன்னும் பாக்கல சார். அதைக் கொண்டாங்க, மீட்டரை வெச்சுப் பாத்துட்டு அப்புறம் வாரண்டி பேசுவோம்."